நீலத்தாளில் ஒரு முதுகும் இரண்டு மணி நேர அனுமதியும்

ஒரேயொரு தாளைப் பார்ப்பதற்காக முந்நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். தாளின் நீளம் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் இருக்கும். அதில் ஒரு மனிதர் நமக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, வலது கையை உயர்த்தி ஒரு கயிற்றைப் பிடித்திருக்கிறார். ஹாலந்தில், பதினேழாம் நூற்றாண்டில், யாரோ ஒருவர் கறுப்புச் சோக்காலும் வெள்ளைச் சோக்காலும் நீலத்தாளில் வரைந்தது. வரைந்தவர் பெயர் தெரியாது. (அப்பா சோக்கை வெண்கட்டி என்பார். கறுப்பு வெண்கட்டி என்று எழுதக் கை வரவில்லை, ஆகவே சோக் என்றே எழுதுகிறேன். அந்தக் காலத்துக் கறுப்புச் சோக் மண்ணிலிருந்து வெட்டியெடுத்த ஒரு மிருதுவான கல்.)

என்னைப் பற்றி இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. இந்தப் பயணம் விளங்குவதற்கு இரண்டு விஷயங்கள் போதும். நான் ஹெர்னிங்கில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் குரோக்கி வகுப்புக்குப் போகிறேன். குரோக்கி என்றால் உடையில்லாமல் நிற்கும் ஒருவரை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நேரம் வைத்து வரைவது. டென்மார்க்கில் சிறிய ஊர்களில்கூட இந்த வகுப்பு உண்டு. மூன்று வருடங்களாகப் போகிறேன். மூன்று வருடங்களாக ஒரே இடத்தில் தோற்கிறேன். தோளில் வெளிச்சம் விழும் இடத்துக்கு வெள்ளைச் சோக்கை எடுத்துப் போனால், அது பக்கத்திலிருக்கும் கறுப்போடு கலந்து பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடுகிறது. சேறு. என் மனிதர்கள் எல்லோரும் தோளில் சேறு பூசியவர்கள்.

அந்த ஹாலந்து முதுகை இணையத்தில் பார்த்தபோது சிறிய படம்தான் இருந்தது. ஆனால் அதன் தோள் பளிச்சென்று இருந்தது. சேறு இல்லை. இவர் எதை முதலில் போட்டார், கறுப்பையா வெள்ளையையா? திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டங்கட்டமாக உடைந்ததே தவிர, பதில் வரவில்லை.

அந்தத் தாள் கோப்பன்ஹேகனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பினேன். (சேகரிப்பின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது வாசித்துப் போகும்போது விளங்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் என்னால் பட்ட சங்கடம் போதும்.) நான்கு நாளில் பதில் வந்தது. மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை, ஐந்து தாள்கள் பார்க்கலாம். கடைசியில் ஒரு வரி: சேமிப்பு அறையை இடம் மாற்றுவதால் மாத முடிவோடு அந்தப் பெட்டியை மூடிவிடுவார்கள், குறைந்தது இரண்டு வருடங்களுக்கு யாருக்கும் திறக்கமாட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு மணி நேரம் மட்டும். அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன்னால் ஹெர்னிங்கில் ரயில் ஏறினேன். வைலெயில் மாற வேண்டும். அங்கே இருபத்திரண்டு நிமிடம் காத்திருப்பு, காற்று காதைப் பிய்க்கும், உள்ளே போய் நில்லுங்கள். மூன்று வாரம் முன்பே எடுத்த மலிவுச் சீட்டு நூற்று அறுபத்தொன்பது குரோனர், இருக்கைப் பதிவு தனி. இடதுபுற ஜன்னல் கிடைத்தால் நல்லது. நியூபோர்க் தாண்டியதும் ரயில் கடலுக்கு மேலே ஓடும், ஒரு சிறிய தீவு வரும், பிறகு சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். நான் போனபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கடலுக்கு மேலே மனத்தில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். சுரங்கம் வந்துவிட்டது.

ஹோய டோஸ்ட்ருப் நிலையத்தில் ஏழே காலுக்கு இறங்கினேன். மாமி காரோடு நின்றார். அப்பாவின் தங்கை. டோஸ்ட்ருப்பில் முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடமாக வேலை. அவரிடம் நான் சொல்லியிருந்தது ஒரே ஒரு வசனம்: வியாழன் ஒரு மணிக்குக் கோப்பன்ஹேகனில் ஒரு சந்திப்பு இருக்கிறது, ஒரு இரவு தங்கலாமா? மற்றதை மாமி தானே கட்டிக்கொண்டார். ஹெர்னிங்கில் வேலை செய்கிற பிள்ளை லீவு போட்டுக் கோப்பன்ஹேகனுக்குச் சந்திப்புக்கு வந்தால் அது வேறு என்னவாக இருக்க முடியும்?

"எந்த ஆஸ்பத்திரி?" என்று காரில் ஏறியதும் கேட்டார்.

"ஆஸ்பத்திரி இல்லை மாமி. சின்ன இடம்."

"சின்ன இடமெண்டால் நல்லது. சின்ன இடத்திலதான் ஆளை மதிப்பினம். சம்பளம் கேட்டனியோ?"

"இன்னும் கேக்கேல்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடையில்லாத மனிதர் ஒருவரின் முதுகைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டர் வந்தேன் என்று, வீட்டுக்குப் போன பிறகும், புட்டு அவிக்கிற அடுப்புக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியின் மகள் அபிக்குப் பதினாறு வயது, அவள் என் பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இண்டர்வியூவுக்கு எதற்கு இத்தனை பென்சில் என்று டேனிஷில் கேட்டாள். பேனா உறைந்துவிட்டால் உதவும் என்றேன். அவள் நம்பவில்லை. மாமி நம்பினார்.

வியாழன் காலை மாமிக்கு ஓய்வு நாள். பத்தரைக்கு நான் சப்பாத்துப் போடும்போது வாசலுக்கு வந்து திருநீற்றுப் பெட்டியைத் திறந்தார்.

"நேராப் பார்த்துக் கதை. இவங்களுக்கு முன்னால நிலத்தைப் பார்த்தால் பொய் சொல்லுறம் எண்டு நினைப்பினம்." நெற்றியில் தாராளமாகப் பூசிவிட்டார். "கட்டாயம் கிடைக்கும், பார்."

டோஸ்ட்ருப் நிலைய மேடையில் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். விரல்களால் நெற்றியைத் துடைத்துவிட்டேன். பெருமைக்காக எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து வரும் பழக்கம். வீட்டில் பூசிக்கொள்வேன், பஸ் நிலையத்தில் துடைத்துவிடுவேன். யாரும் கேள்வி கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

நகர ரயிலில் நூர்போர்ட் வரை முப்பது நிமிடம். பயண அட்டையில் முப்பத்தைந்து குரோனர் அளவு கழிந்தது. அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. மாமி கட்டித்தந்த ரொட்டியையும் சம்பலையும் ஒரு வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மழை இல்லை, வெயிலும் இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு உள்ளே போனேன். கொஞ்சம் முன்கூட்டியே போவது நல்லது, ஏனென்றால் மேல்சட்டை, பை, பேனா, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் பூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். என் சோக், கரி எல்லாமே அங்கே போயின. பழைய தாள்கள் இருக்கும் அறையில் பென்சில் மட்டும்தான். கரித்தூள் பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் நியாயம் தெரியும்.

ஆய்வு அறையைக் கவனிக்கிறவர் கிர்ஸ்டன். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கத்தில் அச்சடித்த விதிகளைத் தந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும், நன்றாகத் துடைக்கவும், கையுறை வேண்டாம், தாளின் ஓரத்தை மட்டும் தொடவும், தாளுக்கு மேலே பேசவேண்டாம். கையை இரண்டு முறை கழுவினேன். நகத்துக்குள்ளும் கழுவினேன், சம்பல் சிவப்பு போகவேண்டுமே.

பெட்டி திறந்தது.

முதல் நான்கு தாள்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் கொடுத்தேன், அவை இன்னும் அதிகம் கேட்டன. இப்படிப்பட்ட படங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்து ஹாலந்தில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து ஒரு அறை பிடித்து, செலவைப் பகிர்ந்து, ஒருவரை இருத்தி வட்டமாக உட்கார்ந்து வரைவார்கள். நம் குரோக்கி வகுப்பேதான்! ஒரு தாளில் ஒரு கிழவர் தடியில் சாய்ந்து நிற்கிறார், தடியைப் பிடித்த கையை மட்டும் ஓரத்தில் மூன்று தடவை மறுபடியும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று எண்ணெயில் ஊறவைத்த கரியால் வரைந்தது. கறுப்பு இன்னும் ஈரமாக இருப்பதுபோல் ஆழம், கோட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் எண்ணெய் ஊறிய நிழல். சும்மா கரி தட்டினால் உதிரும், எண்ணெய்க் கரி போட்டால் போட்டதுதான். எனக்கு மிகவும் பிடித்தது உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவளுடைய முழங்காலுக்குக் கீழே ஒரு வளையம். ஆபரணம் என்று நினைத்தேன். காலுறையைக் கட்டும் பட்டியின் தடம்! சற்று முன்னர்தான் அவள் காலுறையைக் கழற்றியிருக்கிறாள், தடம் இன்னும் மறையவில்லை, வரைந்தவர் அதையும் விடவில்லை. நான் தினமும் நோயாளிகளின் கால்களில் பார்க்கும் அதே தடம். முந்நூற்றைம்பது வருடம் ஒரு நொடியில் இல்லாமல் போய்விட்டது.

ஒன்று நாற்பதுக்கு ஐந்தாவது தாள்.

முதலில் நிறம். திரையில் சாம்பலாகத் தெரிந்தது உண்மையில் நீலம். அந்த நீலத்தாளைப் பழைய நீலத் துணிகளைக் கூழாக்கிச் செய்வார்களாம். உற்றுப் பார்த்தால் அங்குமிங்கும் ஒரு நூல், இன்னும் நூலாகவே. யாரோ வேலைக்குப் போட்டுத் தேய்ந்த சட்டை! அதற்கு மேலே அந்த முதுகு. கயிற்றைப் பிடித்து உயர்த்திய கையால் வலது தோள்பட்டை எலும்பு மேலேறி வெளியே சுழன்றிருக்கிறது. என் தொழிலில் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பாடு, ஒரு மில்லிமீட்டர் பிழை இல்லை. பாதி உடம்பை அவர் வரையவே இல்லை. நிழலுக்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளை, இரண்டுக்கும் நடுவே இருக்கும் தோல் முழுவதும் வெறும் தாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கிர்ஸ்டன் நான்கு மீட்டர் தள்ளி மேசையில் எதையோ தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்.

முழு முதுகையும் பென்சிலால் பிரதியெடுக்கத் தொடங்கினேன். கீழிருந்து மேலே போனேன், தோளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் தோளுக்கு வந்தேன். அங்கே கறுப்பு முதலிலா, வெள்ளை முதலிலா? குனிந்தேன். இன்னும் குனிந்தேன். இரண்டுக்கும் நடுவே ஏதோ இருப்பதுபோல் தெரிந்தது. அந்த ஆச்சரியத்தில் புருவத்தை உயர்த்தினேன்.

வெள்ளையாக ஒன்று விழுந்தது. கடுகில் பாதி. இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்கு இடதுபுறம்.

முதலில் விளங்கவில்லை. மேலே பார்த்தேன், கூரையிலிருந்து விழுந்ததோ என்று. பிறகு விரல் தானாகப் புருவத்துக்குப் போனது. விரல் நுனி வெள்ளை. நெற்றியைத் துடைத்தவள் புருவத்தைத் துடைக்கவில்லை.

தாளை விட்டுப் பின்னுக்கு வந்தேன். ஊதக்கூடாது என்று தெரியும், தட்டக்கூடாது என்றும் தெரியும். யாரும் பார்க்கவில்லை. இதையும் எழுதவேண்டும்: உடனே சொல்லவில்லை. சொன்னால் தாளைத் தூக்கிவிடுவார்கள், எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, தோளை இன்னும் பார்க்கவில்லை, பிறகு இரண்டு வருடம். ஒரு துகள்தானே. பெட்டிக்குள் தானாக உதிர்ந்துவிடும். அப்படி நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, பிரதியில் கீழ் முதுகுக்கு இன்னும் போடாத நிழல்களைப் போடத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

பிறகு என் தாளைப் பார்த்தேன். முதுகின் கீழ்ப்பகுதியில், முதுகெலும்புக்கு இடதுபுறம், வெளிச்சத்துக்காக ஒரு சிறிய இடத்தை வெள்ளையாக விட்டிருந்தேன். விழுந்தது என் திருநீறு என்று தெரிந்த என் கையே அதை அவர் போட்ட வெளிச்சம் என்று நம்பி வரைந்துவிட்டது. அசலைப் பார்த்தேன். எந்த வெள்ளை அவருடையது, எந்த வெள்ளை என்னுடையது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. நாளைக்கு யாருக்குத் தெரியப்போகிறது?

எழுந்து போய்ச் சொன்னேன். டேனிஷில் நடந்த பேச்சு, தமிழில் தருகிறேன்.

"தாளில் ஏதோ விழுந்துவிட்டது. என் முகத்திலிருந்து."

கிர்ஸ்டன் திட்டவில்லை. ஆனால் அந்த வயதில் ஒருவர் அவ்வளவு வேகமாக எழும்புவதை நான் என் நோயாளிகளிடம் கண்டதில்லை. என்னை அந்த மேசைப் பக்கம் போகவேண்டாம் என்றார், தொலைபேசியை எடுத்தார். ஏழு நிமிடத்தில் பழுதுபார்ப்புப் பகுதியிலிருந்து மெட்டே வந்தார். என் வயதுதான் இருக்கும், சாம்பல் நிற ஏப்ரன், காதுக்குப் பின்னால் ஒரு தூரிகை.

"என்ன பொருள்? மேக்கப் பவுடரா?"

"இல்லை. சாம்பல்."

"சிகரெட்?"

"இல்லை. பசுவின் சாணத்தை எரித்த சாம்பல்."

மெட்டே கிர்ஸ்டனைப் பார்த்தார். கிர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அது உங்கள் முகத்துக்கு எப்படி வந்தது?"

"மாமி பூசினார். வேலை கிடைக்க வேண்டும் என்று."

"நீங்கள் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா?"

"இல்லை," என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரும் வந்துவிட்டது. மெட்டேயும் சிரித்தார். கிர்ஸ்டன் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு கதிரையை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

அதில் எண்ணெயோ வாசனைப் பொருளோ கலந்திருக்கிறதா என்று மெட்டேக்குத் தெரிய வேண்டும். எண்ணெய் இருந்தால் தாளில் ஊறும், அவசரம். வெறும் சாம்பல் என்றால் நிதானமாக எடுக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். கைப்பேசியைப் பூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து தாழ்வாரத்தில் நின்று அழைத்தேன்.

"முடிஞ்சுதோ? எத்தினை பேர் கேள்வி கேட்டவை?" மாமியின் குரல் துள்ளியது.

"ரெண்டு பேர். மாமி, காலமை பூசின திருநீறு இருக்கெல்லே, அதில வாசம் ஏதும் கலந்திருக்கோ?"

"இதை ஏன் இண்டர்வியூவில கேக்கினம்?"

"இது இண்டர்வியூ இல்லை மாமி. நான் படம் பார்க்க வந்தனான். பழைய படம், நூற்றாண்டுக் கணக்காப் பழசு. குனிஞ்சு பார்க்கேக்க திருநீறு அதில விழுந்திட்டுது."

மறுமுனையில் அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம்.

"பொறு, பக்கற்றைப் பார்க்கிறன்... கண்ணாடி எங்கை... ஓம். சுத்தமான பசுஞ்சாண விபூதி, வாசனை இல்லை எண்டு போட்டிருக்கு. வாசம் போட்டது எனக்குத் தும்மல் வரும், நான் வாங்கிறேல்லை. எண்ணெய் ஒண்டும் இல்லைப் பிள்ளை, தண்ணியும் படாமல்தான் வைச்சிருக்கிறன்." பக்கற்றை வைக்கும் சத்தம். "விலை கூடின படமோ?"

"ஓம்."

"பொலிசு கிலிசு வந்தால் மாமி பூசினது எண்டு சொல்லு. நான் வந்து கதைக்கிறன்."

வெறும் சாம்பல், வாசனை இல்லை, எண்ணெய் இல்லை என்று போய்ச் சொன்னேன். மெட்டே அதை அப்படியே ஒரு படிவத்தில் எழுதினார். தாளை ஒரு பலகையோடு தட்டையாகத் தூக்கினார். இரண்டு மணி ஐந்து நிமிடம். தோள் போகிறது.

கதவருகே மெட்டே நின்றார். "எந்தத் துகள் என்று உங்களுக்குத்தானே தெரியும்? வழமையாக யாரையும் உள்ளே விடுவதில்லை. ஆனால் நான் தவறுதலாக அவருடைய வெள்ளையை எடுத்துவிடக்கூடாது. வாருங்கள், காட்டுங்கள்."

போவதற்கு முன் முகம் கழுவச் சொன்னார்கள். காது வரை கழுவினேன்.

பழுதுபார்க்கும் அறையில் நீண்ட கையுள்ள ஒரு நுண்நோக்கி, பக்கத்தில் அது காண்பதைப் பெரிதாகக் காட்டும் திரை. மெட்டே இடுப்புப் பகுதிக்குக் கொண்டுபோனார். நான் வாய் பிளந்துவிட்டேன். சோக் கோடு கோடாகவே இல்லை! நீல இழைகளின் மேடுகளில் வெள்ளை அப்பிக்கிடக்கிறது, பள்ளங்களில் இல்லை, பனி பெய்த வயல்போல. எந்தப் பக்கம் கை அழுத்தியது, எங்கே தூக்கியது, எல்லாம் தெரிகிறது. அந்தப் பனிக்கு நடுவே ஒரு கட்டி மட்டும் எதையும் பிடிக்காமல், இழைகளுக்கு மேலே சும்மா உட்கார்ந்திருந்தது.

"அதுதான்," என்றேன். தவறவே முடியாது. அவர் போட்ட வெள்ளை தாளோடு சேர்ந்திருந்தது. என்னுடையது வந்து குந்தியிருந்தது.

மெட்டே காய்ந்த தூரிகையின் ஒற்றை மயிர் நுனியால் அதைத் தொட்டார், உருட்டினார், எடுத்துவிட்டார். ஒரு கண்ணாடித் துண்டில் வைத்தார். ஐந்து நிமிட வேலை. அடியில் ஒன்றும் ஒட்டவில்லை, தாளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன், மறுபக்கம் திரும்பி.

தாள் இனி நேராகப் பெட்டிக்குப் போகும் என்றார். விதி அப்படி. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் கேட்டேன்.

"தோளை ஒரு தடவை காட்டமுடியுமா? கறுப்பு முதலிலா வெள்ளை முதலிலா என்று பார்க்கத்தான் வந்தேன்."

மெட்டே கடிகாரத்தைப் பார்த்தார். "இரண்டு நிமிடம்."

தோள் திரைக்கு வந்தது. கறுப்புத்தான் முதலில். வெள்ளை பிறகு வந்திருக்கிறது, ஆனால் கறுப்பைத் தொடவேயில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை அகலத்துக்கு வெறும் நீலத்தாள், தோளின் வளைவு முழுவதும், ஒரு சிறிய கால்வாய்போல. நான் மேலிருந்து பார்த்தபோது ஏதோ இருக்கிறது என்று தோன்றியது அதுதான். அவர் வெள்ளையையும் கறுப்பையும் கலக்காமல் வைத்ததற்கு ஒரு மாயமும் இல்லை, நடுவில் தாளை விட்டுவைத்திருக்கிறார்!

மெட்டே கழுத்துப் பக்கம் நகர்த்தினார். அங்கே கால்வாய் குறுகிக் குறுகி வந்து நின்றுவிட்டது. வெள்ளை கறுப்புக்கு மேலே ஏறி, இரண்டும் குழைந்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒரு திட்டு.

"சேறு!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

"என்ன?"

"இங்கே அவருக்கும் தவறிவிட்டது."

"ஓ, அதுவா," என்றார் மெட்டே சாதாரணமாக. "அது எல்லாத் தாளிலும் எங்கேயாவது இருக்கும். இவர் அதை அழிக்கக்கூட இல்லை, பாருங்கள். அந்தக் காலத்தில் பாண் (பிரெட்) துண்டால் தேய்த்து அழிப்பார்கள், அப்படித் தேய்த்திருந்தால் இழை எழும்பியிருக்கும். விட்டுவிட்டுக் கைப்பக்கம் போய்விட்டார்."

இரண்டு மணி ஐம்பதுக்குப் பெட்டி மூடியது. கிர்ஸ்டன் என் பென்சில் பிரதியைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினேன். இடுப்பில் விட்டிருந்த அந்த வெள்ளை இடத்தைப் பென்சிலால் நிரப்பிவிட்டுத்தான் காட்டினேன்.

மாலை டோஸ்ட்ருப்பில் மாமி கதவைத் திறந்தபோது முகம் சரியில்லை. சாப்பாடு போட்டார். இரண்டாவது தரம் கறி விடும்போது தொடங்கினார்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"உடுப்பில்லாத ஆக்களைப் படமாக் கீறுறன் எண்டு எப்பிடி மாமி சொல்லுறது?"

"இருபது வருசமா நான் என்ன வேலை செய்யிறன்? ஒரு நாளைக்கு எட்டுப் பேரைக் குளிப்பாட்டுறன். உனக்கு முதல் நான் பார்த்திட்டன் எல்லாரையும்." அகப்பையைச் சட்டிக்குள் போட்டார். "உன்ரை இல்லாத வேலைக்கு நான் நேர்த்தி வைச்சிருக்கிறன், அதை இப்ப ஆர் கட்டுறது?"

படத்தில் இருப்பவர் உண்மையாகவே ஒன்றும் போடவில்லையா என்று அபி டேனிஷில் கேட்டாள். ஓம் என்றேன். அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். மாமி கையைத் துடைத்துவிட்டு நான் வரைந்த கொப்பியை வாங்கி, வெளிச்சத்துக்குக் கீழே பிடித்து, நீண்ட நேரம் பார்த்தார்.

"சொல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"இரண்டு வருசம் அதிலேயே இருந்திருக்கும். ஆருக்கும் தெரிஞ்சிராது."

"ம். பாவம், உடுப்புத்தான் இல்லை, திருநீறாவது மிஞ்சியிருக்கும் மனிசனுக்கு."

அதோடு கோபம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி ரயிலில் திரும்பினேன், ஒன்றரைக்கு ஹெர்னிங். வரும் வழியில் நிறைய யோசித்தேன். நல்ல படம் என்றால் எங்கேயும் தவறாத படம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தோளில் சேறு வந்த உடனே தாளைக் கசக்கிவிடுவேன். மூன்று வருடத்தில் எத்தனை தாள்! என் பிழைகளை யாரும் பார்ப்பதற்கு முன்னால் துடைத்துவிடும் கை எனக்கு. அந்த ஹாலந்துக்காரருக்கு மேடையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கை வலிக்கக் காத்திருந்தார், அவருக்குத் துடைக்க நேரம் இருந்திருக்காது.

இதுபோல் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கையால் வரைந்த பழைய படங்களை வைத்திருக்கும் சேகரிப்புகள் கோப்பன்ஹேகனில் சில உண்டு. ஒவ்வொன்றின் இணையத்தளத்திலும் ஆய்வு அறை என்று தேடுங்கள். ஆராய்ச்சியாளராக இருக்கத் தேவையில்லை, எந்தத் தாள், ஏன் என்று இரண்டு வரி எழுதினால் போதும். நான் போன இடத்தில் கட்டணம் இல்லை. குறைந்தது மூன்று வாரம் முன்னதாக எழுதுங்கள். தாள்களின் எண்களைச் சரியாகக் குறித்து அனுப்புங்கள், கையால் எடுத்துத் தருகிறவர்களின் நேரம் மிச்சமாகும். ஐந்து தாள் கேட்கலாம் என்றாலும் மூன்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் மிகக் குறைவு. பென்சில் இரண்டு, கூராக்கிக்கொண்டு போங்கள், உள்ளே கூராக்கவிடமாட்டார்கள். கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடி ஒன்று கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை, அதனால்தான் குனிந்தேன். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஏதாவது விழுந்துவிட்டால் சொல்லிவிடுங்கள். என்னைப்போல் இரண்டு நிமிடம் எடுக்காமல் உடனே.

போன வாரம் கிர்ஸ்டனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தாள் நன்றாக இருக்கிறது, பெட்டி புதிய இடத்துக்குப் போய்விட்டது, திறக்கும்போது அறிவிக்கும் பட்டியலில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார். கூடவே ஆய்வு அறையின் விதிகளை அனுப்பியிருந்தார், புதிதாக அச்சடித்தது. நீங்கள் போனால் உங்கள் கையிலும் அதைத் தருவார்கள். முதல் ஐந்தும் பழையவை. ஆறாவது, "முகத்தையும் கழுவவும், புருவம் உட்பட."